வலப்பக்கத்தில் நடப்பவர்கள்

சைக்கிளை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றித் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் பின்னால் வந்துகொண்டிருந்தார். இருபதடி தூரம் இருக்கும். வெயிலில் வெளுத்துக் கிடந்தது கல் தரை. அதன்மேல் சுண்ணாம்புத் தூள் மாவாகப் படிந்திருந்தது. அவருடைய முன் சக்கரம் அந்தத் தூளில் ஒரு கோடு இழுத்துக்கொண்டே வந்தது.

அந்தக் கோட்டுக்கு வலப்பக்கம் ஒரு சாண் தள்ளித் தரை முடிந்துவிட்டிருந்தது.

பழைய கல் குழி அது. எந்தக் காலத்திலோ பலகை பலகையாகக் கல்லை வெட்டி எடுத்துவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மூன்று ஆள் ஆழத்தில் பச்சைத் தண்ணீர். வேலி கிடையாது. ஓரத்தில் அடையாளத்துக்கு ஒரு கல்லைக்கூட நட்டு வைக்கவில்லை. நான் அதைப் பார்த்ததும் இடப்பக்கமாக ஒதுங்கி வந்திருந்தேன். பின்னால் வருகிறவரும் பார்த்து ஒதுங்குவார் என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

அவர் ஒதுங்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, குழியின் ஓரத்தோடு ஓரமாக, கடைத்தெருவில் காய் வாங்கித் திரும்புகிறவர் மாதிரி நிதானமாக மிதித்து வந்தார். பயப்பட ஏதோ இருக்கிறது என்பதே அவர் முகத்தில் இல்லை.

கத்தியிருந்தால் திடுக்கிட்டுத் திரும்பியிருப்பார். எந்தப் பக்கம் திரும்புவார் என்று யார் கண்டது? முப்பது வருடம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை அடக்கிய குரலில், சத்தத்தை உயர்த்தாமல் சொன்னேன்.

"பிரேக் புடிங்க. அப்படியே நில்லுங்க. இடது கால ஊனுங்க."

நின்றார்.

ஒரு வாசகியின் கேள்வி

இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படித்துவரும் ஒரு வாசகி போன வாரம் எனக்கு எழுதியிருந்தார். எல்லாப் பயணத்திலும் நீங்கள்தான் முன்னால் போகிறீர்கள், உங்கள் வீட்டுக்காரர் பின்னாலேயே வருகிறாரே, ஒரு அத்தியாயத்திலாவது அந்த மனுஷரை முன்னால் விடக்கூடாதா என்று கேட்டிருந்தார். வேடிக்கையாகக் கேட்ட கேள்விதான். படித்ததும் நானும் சிரித்தேன். ஆனால் அதற்கப்புறம் இரண்டு நாள் எழுத உட்கார முடியவில்லை.

ஏரிக்கரைகளைப் பற்றி எழுதினேன். ஜவ்வாது மலையடிவாரத்தில் பஞ்சர் ஒட்டியதைப் பற்றி எழுதினேன். தென்பெண்ணைக் கரையில் மழையில் மாட்டிக்கொண்டதை இரண்டு வாரம் இழுத்தேன். இதை மட்டும் ஒளித்து வைத்திருந்தேன். என் ரகசியம் இல்லையே, அவருடையது.

கடைசியில் அந்தக் கடிதத்தை அவருக்கே படித்துக் காட்டினேன்.

"எழுதிடு டீச்சர். இனிமே எங்கிட்டேர்ந்து யாரு லைசென்ஸ புடுங்கப் போறாங்க?" என்றார்.

எழுதுகிறேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கியவர்

அவர் பெயர் ஏழுமலை. பஸ் டிரைவர். திருவண்ணாமலையிலிருந்து கிளம்பும் வழித்தடங்களில் அவர் ஓட்டாதது கம்மி. நான் கீழ்பென்னாத்தூரில் அறிவியல் டீச்சராக இருந்தபோது அவர் ஓட்டிய பஸ்ஸில்தான் பல நாள் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். கட்டிய பெண்டாட்டி என்று ஒரு நாளாவது நிறுத்தம் இல்லாத இடத்தில் நிறுத்தியிருப்பாரா? மாட்டார். வேறு யாராவது டிரைவரைக் கட்டியிருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே ஓடிப்போய் ஏறுவேன்.

இருபத்தாறு வருடத்தில் ஒரு விபத்து கிடையாது. அதற்குக் கொடுத்த சான்றிதழைக் கண்ணாடி போட்டு, சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். நான் சாமிக்குப் பூ வைக்கும்போது அதற்கும் ஒரு கிள்ளு வைப்பேன். கேலிக்குத்தான். அவர் கண்டுகொள்ள மாட்டார்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் மத்தியானம் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, இனிமேல் வண்டி ஓட்டப்போவதில்லை என்றார். ஆறு வருட சர்வீஸ் பாக்கி இருந்தது. ஏன் என்று கேட்டேன். ஹாரன் சத்தம் காதுக்குள் புகுந்துகொண்டு வெளியே போகமாட்டேன் என்கிறது என்றார். அதற்கு மேல் ஒரு காரணமும் வரவில்லை. விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

நான் சும்மா இருப்பேனா? பேசினேன். பேசக் கூடாததையெல்லாம் பேசினேன். டீச்சர் சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆசை வந்துவிட்டதா என்று ஒரு நாள் கேட்டேன். அவர் எழுந்தார். சாப்பாட்டுத் தட்டை எடுத்துக் கொண்டுபோய்க் கழுவி வைத்துவிட்டு வெளியே போனார். அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் நான் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் சைக்கிள் வந்தது. ஆசிரமத்துப் பக்கம், செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் தெருவில் எங்கள் வீடு. பக்கத்து வீட்டு மாடியில் ஒரு வெள்ளைக்காரம்மா வருடா வருடம் வந்து தங்குவார். எழுபது வயசு. வீட்டுக்காரரோடு அவருடைய நாட்டில் ஊர் ஊராகச் சைக்கிளில் சுற்றியவர். கணவர் இறந்த பிறகு தனியாக வந்தார். அந்த வருடம் ஊருக்குத் திரும்பும்போது, கணவரோடு வந்த காலத்தில் இங்கே வாங்கி வைத்திருந்த இரண்டு கியர் சைக்கிள்களை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

போவதற்கு முன்னால் போனில் படங்கள் காட்டினார். ஆற்றோரமாகவே போகும் சைக்கிள் பாதை. இரண்டு பக்கமும் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைச் சுவர், மேலே ஏறினால் ஆளில்லாத பெரிய மேட்டு நிலம். அங்கே கார், லாரி எதுவும் நுழைய முடியாது என்று அவர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். இவர் ஆற்றைப் பார்க்கவில்லை, பாறையைப் பார்க்கவில்லை. "வண்டியே வராதா?" என்று என்னைக் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார்.

"எதிர்லகூட வராதாமா?"

வண்டி வராத வழி

மறு வாரமே ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினார். அட்டையில் 'வண்டி வராத வழி' என்று எழுதினார். போனில் வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, ஏரிக்கரை, வாய்க்கால் கரை, களத்துக்குப் போகும் மண் பாதை என்று தேடித் தேடி அதில் வரைந்தார். பஸ் போகும் ரோட்டைக் கடக்க வேண்டிய இடம் வந்தால் அங்கே சிவப்பில் ஒரு குறுக்குக் கோடு. அந்த இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். வாழ்நாள் முழுக்க ரோட்டில் இருந்தவர், ரோட்டை இப்படி வெறுக்கிறாரே என்று ஆச்சரியமாக இருந்தது.

நான் சுடிதார் போட்டுக்கொண்டு சைக்கிளில் கிளம்பிய முதல் நாள் தெருவே வாசலுக்கு வந்தது. பேத்தி எடுக்கிற வயசில் இது தேவையா என்று ஒருத்தி கேட்டாள். பேத்தி பிறந்ததும் அவளையும் ஏற்றிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு மிதித்தேன். கோபமெல்லாம் பத்து கிலோமீட்டரில் கரைந்துவிட்டது. கடலைக் கொடி காயும் வாசனை, ஏரியில் முக்குளிப்பான் கூட்டம், மடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கட்டுச் சோறு. கல்யாணம் ஆகி இருபத்தைந்து வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு இடத்துக்குப் போனது அப்போதுதான். அதற்கு முன்னால் அவர் ஓட்டுவார், நான் டிக்கெட் வாங்கிக்கொண்டு பின் சீட்டில் உட்காருவேன்.

சில சட்டங்கள் வைத்திருந்தார். நான்தான் முன்னால் போக வேண்டும். வளைவு வந்தாலும் பள்ளம் வந்தாலும் மணி அடிக்க வேண்டும். பளிச்சென்ற ஆரஞ்சுத் துணி ஒன்றைச் சதுரமாக வெட்டி, ஓரம் தைத்து, என் சைக்கிள் கேரியரில் கட்டிவிட்டார்.

"பின்னாடி வர்றவனுக்குத் தெரியணும்ல?"

"பின்னாடி வர்றது நீங்க ஒருத்தர்தானே?"

"அதான் சொல்றேன்."

உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார். நான்தான் சிரித்துவிட்டேன்.

ஆளே இல்லாத கரையில் மணியடித்துக்கொண்டு போவேன். வயலில் களையெடுக்கும் பெண்கள் நிமிர்ந்து பார்த்து, யாருக்கம்மா மணி அடிக்கிற, கொக்குக்கா என்று கேட்பார்கள். ஆமாம், கொக்கு பின்னால வருது பாருங்க என்பேன். பின்னால் வெள்ளைச் சட்டையில் அவர் வந்துகொண்டிருப்பார்.

சித்தர்களுக்கு விட்ட இடம்

இங்கே கொஞ்சம் வழி விலகிப் போகிறேன். கிரிவலம் வந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். மலை எப்போதும் நம் வலக்கைப் பக்கம் இருக்கும். பாதையில் இடது ஓரமாகத்தான் நடக்க வேண்டும். மலையை ஒட்டிய வலப்பக்கத்தில் சித்தர்களும் தேவர்களும் கண்ணுக்குத் தெரியாமல் நடந்து வருகிறார்கள், அவர்களுக்கு அந்த இடத்தை விட்டுவிட வேண்டும் என்பது ஐதீகம். பௌர்ணமிக் கூட்டத்தில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? கிடைத்த இடத்தில் நடக்கிறார்கள். எங்கள் வீட்டில் மட்டும் பார்ப்போம். என் மாமியார் வீட்டுப் பழக்கம் அது.

வேலையை விட்டபின் இவர் இதில் ரொம்பவும் கறாராகிவிட்டார். பாதையில் மட்டுமல்ல, எங்கே போனாலும். கடைத்தெருவுக்குப் போனால்கூட என்னை இடது கைப்பக்கம் வரச் சொல்வார். வலப்பக்கமாகப் போய் நின்றால், அந்தப் பக்கம் வராதே, அது அவர்களுக்கு விட்ட இடம் என்பார். வாய் நிறையச் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். மனுஷருக்குப் பக்தி முற்றிவிட்டது என்று நான் என் தங்கையிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஒரு கல்யாண மண்டபத்தில் அவருடைய சொந்தத் தங்கை வலப்பக்கத்திலிருந்து, "வாண்ணே" என்று கையை நீட்டிக்கொண்டு வந்தாள். மேளச் சத்தம். இவர் திரும்பாமல் நேரே போய்விட்டார். அவள் ஒரு வருடம் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. டிரைவர் வேலையை விட்டதும் பெரிய சாமியாராகிவிட்டார், நாங்களெல்லாம் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை என்று எல்லாரிடமும் சொன்னாளாம். அவள் சொன்னதில் பாதி சரி.

கிரிவலத்தில் ஒரு தடவை வலப்பக்கம் வந்த ஒரு பெரியவர்மேல் நன்றாகவே மோதிவிட்டார். அந்தப் பெரியவர் கோபமாகப் பார்த்தார். இவர் கையெடுத்துக் கும்பிட்டு, "மன்னிச்சிடுங்க சாமி, சித்தருன்னு நெனச்சிட்டேன்" என்றார். அந்தப் பெரியவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வீடு வரும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

இந்த ஊரில் பிறந்தவளால்தான் இப்படி ஏமாற முடியும். வேறு ஊராக இருந்தால், இந்த ஆளுக்கு வலது பக்கம் ஏன் இப்படித் தடுமாறுகிறது என்று எவளாவது யோசித்திருப்பாள். எனக்குத்தான் காரணம் தயாராக இருந்ததே. அதுவும் சாமி கொடுத்த காரணம்.

கறுப்புக் கல்லின் ஊர்

எங்கள் சமையல் மேடையில் கிடப்பது கடப்பா கல். உங்கள் வீட்டிலும் அதுவாக இருக்கலாம். கறுப்பாக, வழவழவென்று இருப்பதால் கருங்கல் என்று பலர் நினைக்கிறார்கள். அது சுண்ணாம்புக் கல். ஒரு எலுமிச்சம்பழ மூடியைக் கவிழ்த்து வைத்துப் பாருங்கள், காலையில் வட்டமாக வெளுத்திருக்கும். என் வகுப்பில் இதை எத்தனையோ தடவை செய்து காட்டியிருக்கிறேன்.

அந்தக் கல்லைப் பதிக்க வந்தவர் கடப்பாக்காரர். அவருடைய ஊரில் பூமியே பலகை பலகையாகத்தான் கிடக்கும், பெயர்த்து எடுத்து வீடு கட்டுவோம், வேலி நடுவோம் என்று இவரிடம் சொன்னாராம். அந்தப் பக்கம் ஓடுவதும் பெண்ணைதான். எங்கள் தென்பெண்ணையும் அந்த வடபெண்ணையும் கர்நாடகத்தில் ஒரே மலைப் பக்கம் பிறந்து, ஒன்று இப்படியும் ஒன்று அப்படியும் போனவை. நம் பெண்ணையைப் பார்த்தாகிவிட்டது, அவளுடைய அக்காளையும் பார்த்துவிட வேண்டும் என்று இவர் ஆரம்பித்தார். ஆரம்பித்தால் விடுவாரா? நோட்டில் புதுப் பக்கம் திறந்தார். இந்தத் தடவை அவசரம் ஜாஸ்தியாக இருந்தது. அடுத்த வருடம் போகலாமே, எனக்கும் ரிட்டையர்மென்ட் வந்துவிடும் என்றேன். இந்த வருடமே போய்விடலாம் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

தை கழிந்து, வெயில் ஏறுவதற்குள் கிளம்பினோம். ரயில் மாறி, சைக்கிள்களையும் ஏற்றி இறக்கி, அங்கே போய்ச் சேர்ந்தோம். முதல் இரண்டு நாள் ஆற்றோரம். பெண்ணையில் தண்ணீரை விட மணல் ஜாஸ்தி. மூன்றாம் நாள் மேட்டு நிலத்தில் ஏறினோம்.

அப்படி ஒரு நிலத்தை நான் பார்த்ததில்லை. அடுக்கடுக்காகக் கல். பாதையின் இரண்டு பக்கமும் ஆள் உயரப் பலகைக் கற்களை நட்டு வேலி. வீட்டுக்குச் சுவரும் கல், கூரையும் கல். வேலி இல்லாத இடத்தில் காற்று மட்டும். லாரி போகும் ரோடு எங்கோ கீழே இருந்தது. ஒரு வண்டிச் சத்தம் கிடையாது. சக்கரத்தின் கீழே சின்னக் கல் நொறுங்கும் சத்தமும் என் மணிச் சத்தமும்தான்.

ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தோம். தண்ணீர் கொடுத்த அம்மா, அந்தப் பக்கம் பழைய குழிகள் இருக்கின்றன, பார்த்துப் போங்கள் என்று தெலுங்கில் சொன்னார். இவருக்குத் தெலுங்கு வரும். எனக்கு அவர்தான் சொன்னார். சொல்லிவிட்டு, "நீ முன்னால பாத்துப் போ, நான் ஒன் துணியப் பாத்து வர்றேன்" என்றார்.

குழியைப் பார்த்ததும் நான் மணி அடித்தேன். எந்தப் பக்கம் என்று மணி சொல்லாது. ஆனால் என் ஆரஞ்சுத் துணி காற்றில் அவிழ்ந்து ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் ஒதுங்கியது அவருக்குத் தெரியவில்லை.

குழியின் ஓரம்

நின்றவரிடம் போனேன். சைக்கிளின் கைப்பிடியை என் பக்கம் பிடித்துக்கொண்டேன். வலப்பக்கம் பாருங்கள் என்றேன்.

கண்ணை மட்டும் திருப்பவில்லை. தலையை, தோளை, உடம்பையே திருப்பினார். அப்போதுதான் குழி அவருக்குத் தெரிந்தது. பச்சைத் தண்ணீரைப் பார்த்தார். தன் சக்கரத்தைப் பார்த்தார். சைக்கிளை அப்படியே என்னிடம் விட்டுவிட்டு, இடப்பக்கமாக நாலடி வந்து, சுண்ணாம்புத் தூளில் உட்கார்ந்தார்.

"எத்தினி நாளா?" என்று கேட்டேன்.

"பஸ்ஸ விட்டேன்ல, அதுக்கு முன்னாலேர்ந்து."

அப்புறம் சொன்னார். அங்கேயே, வெயிலில் உட்கார்ந்து, ஒரு இடத்தில்கூட நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னார்.

வேலையை விட்ட அன்றைக்குக் காலை, செங்கம் ரோட்டில் எதிரே ஒரு மொபெட் வந்திருக்கிறது. ஒரு பெண் ஓட்டி வந்தாள். முன்னால் ஒரு குழந்தை நின்றிருந்தது. தூரத்தில் தெளிவாகப் பார்த்திருக்கிறார். குழந்தைக்கு மஞ்சள் தொப்பி. பக்கத்தில் வர வர, அந்த மொபெட் அவர் பார்வையிலிருந்து காணாமல் போய்விட்டது. வலது பக்கம் 'டிக்' என்று ஒரு சத்தம். பக்கக் கண்ணாடி உள்பக்கமாக மடங்கியிருந்தது.

பஸ்ஸை நிறுத்தி இறங்கி ஓடியிருக்கிறார். ரோட்டில் யாரும் இல்லை. வளைவு அது. வளைவுக்கு அந்தப் பக்கமும் போய்ப் பார்த்தார். கண்டக்டர் ஜன்னலிலிருந்து, அவர்கள் போய்விட்டார்கள் அண்ணே, வண்டியை எடுங்கள் என்றாராம்.

"அவன் பாத்துட்டுச் சொன்னானா, நேரமாவுதுன்னு சொன்னானா, தெரியல டீச்சர். அதுதான் தெரியல."

அந்த ட்ரிப்பை முடித்து, பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். நான் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிய அந்த நாட்களில் அவர் தினமும் வெளியே போய் வந்தார். அந்த வளைவுக்குத்தான் போயிருக்கிறார். டீக்கடையில், புண்ணாக்குக் கடையில், யாராவது பெண் குழந்தையோடு விழுந்தாளா என்று விசாரித்திருக்கிறார். யாருக்கும் தெரியவில்லை. நான் அவரை உட்கார்ந்து சாப்பிட ஆசையா என்று கேட்டது, அங்கே போய் வந்த ஒரு நாளில்.

டாக்டரிடம் ஏன் போகவில்லை என்று கேட்டேன்.

"போனா, எப்பலேர்ந்துன்னு கேப்பாரு. பதில் சொல்லணும். இந்தக் கண்ண வச்சிக்கினு அம்பது அறுபது பேர ஏத்தி எத்தினி நாள் ஓட்டினேன்னு எனக்கே தெரியாது. நீயும் அதுல ஏறியிருக்க."

நான் அழுதேன். அவர் அழவில்லை. சுண்ணாம்புத் தூளைக் கையில் அள்ளிக் கீழே விட்டுக்கொண்டிருந்தார். இரண்டு சைக்கிளையும் தள்ளிக்கொண்டு, அவரை என் இடப்பக்கம் நடக்க விட்டு, வந்த வழியே திரும்பினோம். வடபெண்ணை மலையைப் பிளந்துகொண்டு போகும் இடத்தைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போனோம். அதற்கு இன்னும் ஒரு நாள் பயணம் பாக்கி இருந்தது. பார்க்கவில்லை.

சொட்டு மருந்து

கண் நீர் அழுத்தம் என்றார் டாக்டர் அம்மா. இந்த நோயில் நேரே இருப்பது கடைசிவரை தெளிவாகத் தெரியுமாம். பலகையில் இருக்கும் எழுத்தை ஒன்று விடாமல் படித்துவிடுவார்கள். பக்கப் பார்வைதான் ஓரத்திலிருந்து சத்தமில்லாமல் போகும். போனது திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து போடலாம். நாலு வருடம் முன்னால் வந்திருந்தால் நிறையவே காப்பாற்றியிருக்கலாம் என்று அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

நாலு வருடம். ஏரிக்கரையும் கட்டுச் சோறும் ஆரஞ்சுத் துணியுமாக நாங்கள் சுற்றிய அதே நாலு வருடம். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. அந்த வருடங்களை நினைத்துச் சந்தோஷப்படவும் முடியவில்லை, வேண்டாம் என்று தள்ளவும் மனசு வரவில்லை. இப்போது இந்தத் தொடரில் வாராவாரம் அவற்றைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மருந்து காலையும் மாலையும் நான்தான் போடுகிறேன். இருந்தும் இடது கண்ணிலும் வட்டம் சுருங்கிக்கொண்டே வருகிறது. இப்போது அவருக்குத் தெரிவது ஒரு வளையலுக்குள் பார்க்கிற அளவுதான். சைக்கிளைத் தொடுவதில்லை. சான்றிதழைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டார். நோட்டு என்னிடம் இருக்கிறது. ஏரிக்கரைக்கு நான் மட்டும் போய் வருகிறேன். வளைவு வந்தால் கை தானாக மணியை அடித்துவிடுகிறது. களையெடுக்கும் பெண்கள் இப்போது கொக்கைப் பற்றிக் கேட்பதில்லை.

கிரிவலம் மட்டும் விடவில்லை. பௌர்ணமிக் கூட்டம் அவருக்கு ஆகாது. சாதாரண நாளில், விடிந்ததும் போவோம். இப்போது நான் அவருக்கு வலப்பக்கம் நடக்கிறேன். முதல் நாள் மறுத்தார். அது அவர்களுக்கு விட்ட இடம் என்றார். அவர்களுக்குக் கண் நன்றாகத் தெரியும், என்னைப் பார்த்து ஒதுங்கிப் போவார்கள் என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

போன வாரம், ஆசிரமம் தாண்டி, செங்கம் ரோட்டை விட்டு உள்ளே திரும்பிய பிறகு நல்ல அமைதி. மயில் ஒன்று அகவியது. இந்தப் பாதை செங்கம் ரோட்டிலிருந்து பிரிகிற இடத்தைத் தாண்டும்போதெல்லாம் அவர் கொஞ்ச தூரம் பேச மாட்டார். நானும் பேச்சுக் கொடுக்க மாட்டேன். அன்றைக்கு அவர் நடையைத் தளர்த்தினார்.

"டீச்சர், வலது பக்கம் யாராச்சும் வர்றாங்களா?"

திரும்பிப் பார்த்தேன். மலை இருந்தது. வெறும் பாதை இருந்தது. யாரும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்தபோது, சித்தர்களைப் பற்றி அவர் கேட்கவில்லை என்று புரிந்தது.

"வந்தாங்க. தாண்டிப் போய்ட்டாங்க" என்றேன்.

"கொழந்த?"

"அதுவும்தான். மஞ்ச தொப்பி. பத்திரமா போய்டுச்சிங்க."

பார்த்துவிட்டுச் சொல்கிறாயா என்று அவர் கேட்கவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.